உலக வங்கி, ஐ.எம்.எஃப். தலைமைப் பதவி: தேர்ந்தெடுக்கிறார்களா, பங்கு பிரித்துக்கொள்கிறார்களா?

கணக்கப்பிள்ளை:

உலக வங்கிக்கு 1946 முதல் இன்றுவரை 14 தலைவர்கள். 14 பேரும் அமெரிக்கக் குடிமக்கள். சர்வதேச நாணய நிதியத்துக்கு (ஐ.எம்.எஃப்.) 12 மேலாண்மை இயக்குநர்கள்; அங்கே தலைமைப் பதவிக்கு அதுதான் பெயர். 12 பேரும் ஐரோப்பியர்கள். அதிலும் 5 பேர் பிரான்ஸ் நாட்டவர். இரண்டு அமைப்புகளின் சாசனத்திலும் இப்படி ஒரு விதி கிடையாது. 1944 ஜூலையில் இந்த இரண்டையும் உருவாக்க அமெரிக்காவின் பிரெட்டன் உட்ஸில் 44 நாடுகள் கூடியபோது, தலைவரை இயக்குநர் குழு தேர்ந்தெடுக்கும் என்றுதான் எழுதினார்கள். வங்கி உங்களுக்கு, நிதியம் எங்களுக்கு என்று அமெரிக்காவும் மேற்கு ஐரோப்பாவும் பேசிவைத்துக்கொண்டது எழுத்தில் வராத ஏற்பாடு. எழுத்தில் இருந்த எத்தனையோ விதிகள் பிறகு மாறின. இது மட்டும் ஒருமுறைகூட மீறப்படவில்லை.

2019 ஜனவரியில் அன்றைய தலைவர் ஜிம் யோங் கிம், பதவிக்காலம் முடிய மூன்று ஆண்டுகளுக்கு மேல் இருக்கும்போதே உலக வங்கியிலிருந்து விலகுவதாக அறிவித்தார். அடுத்த சில நாள்களில் அதிபர் டிரம்பின் மகள் இவான்காவின் பெயர் செய்திகளில் அடிபட்டது. அவர் வேட்பாளர் இல்லை, ஆனால் வேட்பாளரைத் தேர்வு செய்யும் வேலையில் உதவுவார் என்று வெள்ளை மாளிகை சொன்னது. சென்னையில் பிறந்த இந்திரா நூயியின் பெயரும் அந்தச் சமயத்தில் பேசப்பட்டது. கடைசியில் வந்தவர் டேவிட் மால்பாஸ். 2016 தேர்தலில் டிரம்பின் பொருளாதார ஆலோசகர், பிறகு அமெரிக்க நிதித்துறையில் அதிகாரி. எதிர்த்து ஒரு வேட்பாளர்கூட நிற்கவில்லை. அவர் பதவியேற்ற அதே ஏப்ரலில், மகளை அந்தப் பதவிக்கு யோசித்தது உண்மைதான் என்று டிரம்பே ஒரு பத்திரிகைப் பேட்டியில் சொன்னார்.

மகளின் பெயர் வந்தபோது எல்லோரும் கொதித்தார்கள். மால்பாஸ் வந்தபோது அமைதியாகிவிட்டார்கள். என் ஆதங்கம் இங்கேதான். 189 நாடுகள் உறுப்பினராக இருக்கும் ஒரு வங்கியின் தலைமையை, ஒரு மனிதர் தன் வீட்டு மேசையில் உட்கார்ந்து யாருக்குக் கொடுக்கலாம் என்று யோசிக்க முடிகிறது என்றால், கோளாறு மகளிடம் இல்லை, அந்த மேசையில் இருக்கிறது. உறவினரை நியமிப்பது இந்த ஏற்பாட்டின் கடைசிப் படி. முதல் படியைப் பற்றிப் பேசுவோம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன்.

வைகைக்கரை:

வங்கித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன். முதல் போட்டவர்தான் மேலாளரை நியமிப்பார். உலகம் முழுக்க அதுதான் நடைமுறை. நிதியத்தில் அமெரிக்காவின் வாக்கு 16.5 விழுக்காடு அளவு. முக்கியமான முடிவுகளுக்கு 85 விழுக்காடு வேண்டும் என்பதால் அந்த ஒரு நாடு தலையாட்டாமல் எதுவும் நகராது. இந்தியாவின் வாக்கு 2.6 விழுக்காடு. இதில் தலைமையை மட்டும் எல்லோரும் சேர்ந்து தேர்ந்தெடுப்பது எப்படி? கடன் வாங்குகிறவர்கள் கூடிக் கடன் கொடுக்கும் மேலாளரைத் தேர்ந்தெடுத்தால், வசூல் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

பொருளியல் மாணவி:

ஐயா, 85 விழுக்காடு என்பது சாசனத் திருத்தம், பங்கு ஒதுக்கீடு போன்றவற்றுக்கு. தலைவரைத் தேர்ந்தெடுக்கச் சாதாரணப் பெரும்பான்மை போதும், அதாவது பாதிக்கு மேல். அமெரிக்காவிடம் அந்தப் பாதி இல்லை. ஐரோப்பிய நாடுகள், ஜப்பான் எல்லாம் சேர்ந்தால்தான் வரும். இது வாக்கு பலத்தால் மட்டும் நடப்பதில்லை. இந்த முறை நீ எனக்கு, அடுத்த முறை நான் உனக்கு என்ற கொடுக்கல் வாங்கலால் நடக்கிறது.

முதல் போட்டவர் என்ற வாதத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். உலக வங்கியின் முக்கியக் கடன் பிரிவு, உறுப்பு நாடுகள் ரொக்கமாகக் கட்டிய பணத்தைவிட மிகப் பெரிய தொகையைச் சந்தையில் கடன் பத்திரம் விற்றுத்தான் திரட்டுகிறது. 1947-இலேயே முதல் பத்திரம் விற்றார்கள். அதன் நிர்வாகச் செலவில் பெரும்பகுதி கடன் வாங்கிய நாடுகள் கட்டும் வட்டியிலிருந்தே வருகிறது. அப்படியானால் தலைவரின் சம்பளத்தில் இந்தோனேசியாவின் பங்கும் இருக்கிறது, கொலம்பியாவின் பங்கும் இருக்கிறது.

வைகைக்கரை:

பத்திரம் ஏன் விற்கிறது, அம்மா? பணக்கார நாடுகள் தேவைப்பட்டால் கட்டுவோம் என்று கொடுத்திருக்கும் உறுதி பின்னால் நிற்பதால்தான் முதல் தரக் கடன் மதிப்பீடு கிடைக்கிறது. அந்த உறுதி இல்லையென்றால் வட்டி ஏறும். ஏறிய வட்டியைக் கட்டப்போவதும் ஏழை நாடுதான். வட்டி கட்டுவதில் கடனாளியின் பங்கு பெரியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பொறுப்பு ஏற்பவரின் பங்கைக் கழித்துவிட்டுப் பேச முடியாது.

கணக்கப்பிள்ளை:

பொறுப்பு ஏற்பவர் நல்ல ஆளாகப் பார்த்துப் போட்டிருந்தால் நானும் வாயை மூடிக்கொள்வேன். பால் உல்ஃபோவிட்ஸ் விவகாரத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இன்றைய இளைஞர்கள் பலருக்கு அது தெரியாது.

அமெரிக்கப் பாதுகாப்புத் துறையில் இரண்டாம் இடத்தில் இருந்தவர், ஈராக் போரை வடிவமைத்தவர்களில் ஒருவர். 2005-இல் ஜார்ஜ் புஷ் அவரை உலக வங்கிக்கு அனுப்பினார். அவருடைய துணைவி ஏற்கெனவே அந்த வங்கியில் பணியாற்றிக்கொண்டிருந்தார். தலைவருக்குக் கீழே அவர் இருக்கக் கூடாது என்பதால், வங்கியின் ஊழியராகவே வைத்துக்கொண்டு அமெரிக்க வெளியுறவுத் துறையில் பணியாற்ற அனுப்பினார்கள். அதுவரை எல்லாம் சரி. அந்த இடமாற்றத்தின் நிபந்தனைகளை மனிதவளப் பிரிவுக்கு எழுத்தில் சொன்னவர் உல்ஃபோவிட்ஸேதான். சுமார் 1,32,000 டாலராக இருந்த சம்பளம் 1,80,000 ஆனது, பிறகு 1,93,590 ஆனது. அன்றைய அமெரிக்க வெளியுறவு அமைச்சரின் சம்பளத்தைவிட அது அதிகம்.

இதே உல்ஃபோவிட்ஸ் பதவிக்கு வந்ததும் கையில் எடுத்த முதல் முழக்கம் ஊழல் ஒழிப்பு. ஊழலைக் காரணம் காட்டிப் பல நாடுகளின் கடன்களை நிறுத்திவைத்தார். நிறுத்தப்பட்ட நாட்டின் அமைச்சர் ஒருவர், தன் துணைவிக்கு இப்படிச் சம்பளம் நிர்ணயித்திருந்தால் வங்கியின் அறிக்கையில் அதற்கு என்ன பெயர் வைத்திருப்பார்கள்?

விசாரித்த குழு, நலன் முரண் விதிகளை அவர் மீறினார் என்று சொன்னது. 2007 மே 17 அன்று பதவி விலகலை அறிவித்தார். நேர்மைக்காக இதையும் சொல்ல வேண்டும்: நல்லெண்ணத்தோடுதான் செய்தேன் என்று அவர் சொன்னதை ஏற்றுக்கொள்வதாக இயக்குநர் குழுவின் அறிக்கை சொன்னது. எனக்குப் பொறுக்க முடியாதது அதற்கு அடுத்து நடந்தது. இவ்வளவு அவமானத்துக்குப் பிறகு அடுத்தவரைத் தேர்ந்தெடுத்தது யார்? அதே புஷ். இரண்டே வாரத்தில் ராபர்ட் ஜெல்லிக் பெயரை அறிவித்தார். இயக்குநர் குழு ஒருமனதாக ஏற்றுக்கொண்டது. முறைகேடு நுழைந்த கதவை மூடாமலே போனார்கள்.

வடமராட்சியான்:

நான் வழக்கமாக இங்கே வாசிப்பவன், எழுதுவதில்லை. இந்த இழை எங்கள் வீட்டுக் கதை போல இருப்பதால் எழுதுகிறேன்.

2022-இல் இலங்கையில் ஒரு சகோதரர் ஜனாதிபதி, ஒரு சகோதரர் பிரதமர், ஒரு சகோதரர் நிதியமைச்சர். ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுக்க முடியாது என்று அறிவித்தார்கள். ஜூலையில் ஜனாதிபதி நாட்டை விட்டு ஓடினார். பிறகு நாணய நிதியம் வந்தது. 2023 மார்ச்சில் ஏறக்குறைய 300 கோடி டொலர், 48 மாதத் திட்டம். அதற்கு முந்தைய மாதம் மின்கட்டணம் 66 சதவீதம் கூட்டப்பட்டது. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி (வாட்) 15 சதவீதத்திலிருந்து 18 ஆனது. எங்கள் வீட்டில் குளிர்சாதனப் பெட்டியை இரவில் நிறுத்திவிட்டுக் காலையில் போடுவது அந்த வருடத்துப் பழக்கம். மீன் வாங்கினால் அன்றைக்கே சமைத்து முடித்துவிடுவார் அம்மா.

அதே 2023 செப்டெம்பரில் நிதியம் எங்கள் நாட்டின் ஆட்சிமுறை பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. ஆசியாவிலேயே அப்படிப்பட்ட முதல் அறிக்கை. இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்கு ஆட்களைத் தெரிவு செய்வதை ஒழுங்குபடுத்துங்கள், அரசுக் கொள்முதல் விவரங்களை வெளியிடுங்கள், உயர் பதவியில் இருப்பவர்களின் சொத்து விவரங்களைப் பகிரங்கமாக்குங்கள் என்று அதில் இருந்தது. அத்தனையும் நியாயமானவை. எங்கள் போராட்டக்காரர்கள் கேட்டதும் அவைதான். அந்த அறிக்கையை வாசித்தபோது எனக்கு எழுந்த கேள்வி ஒன்றே ஒன்று: இந்தப் பரிந்துரைகளை எழுதியவர்கள் தங்கள் தலைமைக்கும் அவற்றைப் பொருத்திப் பார்ப்பார்களா?

நெய்தல்:

வடமராட்சியான் அண்ணா கேட்ட கேள்விக்குப் பதில் ஸ்டான்லி ஃபிஷரின் கதையில் இருக்கிறது.

1994 முதல் நிதியத்தில் இரண்டாம் இடத்தில் இருந்தவர் ஃபிஷர். இன்றைய மைய வங்கியாளர்கள் பலருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த பொருளியல் பேராசிரியர். 2000-இல் தலைமைப் பதவி காலியானபோது ஆப்பிரிக்க நாடுகள் அவர் பெயரை முன்மொழிந்தன. அவர் பிறந்தது இன்றைய ஸாம்பியாவில். ஆனால் குடியுரிமை அமெரிக்கக் குடியுரிமை. நிதியத்தின் தலைமை ஐரோப்பாவுக்கு உரியது. அமெரிக்காவே அவரை ஆதரிக்கவில்லை. ஜெர்மனி முதலில் கையோ கோக்-வேசரை நிறுத்தியது, கிளிண்டன் அரசு வேண்டாம் என்றது. ஜெர்மனி வேறொரு ஜெர்மானியரைக் கொண்டுவந்தது: ஹோர்ஸ்ட் கோலர். அவர் வந்தார். நான்கே ஆண்டில் ஜெர்மனியின் அதிபராவதற்காகப் பதவியை விட்டுப் போனார்.

2011-இல் மறுபடி காலி. ஃபிஷர் அப்போது இஸ்ரேலின் மைய வங்கித் தலைவர். விண்ணப்பித்தார். வயது 67. பதவியேற்கும்போது 65 வயதைத் தாண்டியிருக்கக் கூடாது என்று விதி இருக்கிறது என்று சொல்லி விண்ணப்பத்தை நிராகரித்தார்கள். பிரான்சின் கிறிஸ்டின் லகார்டு வந்தார்.

2019-இல் லகார்டு ஐரோப்பிய மைய வங்கிக்குப் போனார். ஐரோப்பிய நாடுகள் தங்களுக்குள் வாக்கெடுத்து பல்கேரியாவின் கிறிஸ்டலினா ஜார்ஜீவாவை முன்னிறுத்தின. அந்த உள்வாக்கெடுப்பிலேயே அவர் தேவையான பெரும்பான்மையை எட்டவில்லை; எதிர்த்து நின்ற நெதர்லாந்தின் டைசல்ப்ளூம் ஒதுங்கிக்கொண்டார். ஜார்ஜீவாவுக்கு வயது 66. செப்டம்பரில் நிதியத்தின் ஆளுநர்கள், அதாவது உறுப்பு நாடுகளின் பிரதிநிதிகள், வயது வரம்பையே நீக்கிவிட்டார்கள்.

ஜார்ஜீவா தகுதியற்றவர் என்று நான் சொல்லவில்லை. வயது வரம்பை நீக்கியதும் நல்லதுதான். ஆனால் எட்டு ஆண்டுகளுக்கு முன் அதே விதியால் ஒருவரைத் திருப்பி அனுப்பியவர்கள், அப்போது ஏன் அதை நீக்கவில்லை? இரண்டு முறை கேட்டு, ஒருமுறை பாஸ்போர்ட்டாலும் ஒருமுறை பிறந்த தேதியாலும் தடுக்கப்பட்ட அந்த மனிதர் 2025-இல் காலமாகிவிட்டார்.

வைகைக்கரை:

நெய்தல் சொன்னது மனதைத் தைக்கிறது, மறுக்க மாட்டேன். ஆனால் அமெரிக்கா, ஐரோப்பா கைவிட்ட இடத்தில் மற்றவர்கள் என்ன செய்திருக்கிறார்கள் என்பதையும் பேச வேண்டும்.

மணிலாவில் இருக்கும் ஆசிய வளர்ச்சி வங்கிக்கு 1966 முதல் எல்லாத் தலைவர்களும் ஜப்பானியர்கள், பெரும்பாலும் அந்நாட்டு நிதி அமைச்சகத்தைச் சேர்ந்தவர்கள். பெய்ஜிங்கில் இருக்கும் ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கிக்கு முதல் தலைவரும் சீனர், அடுத்தவரும் சீனர். பிரேசில், ரஷ்யா, இந்தியா, சீனா, தென்னாப்பிரிக்கா ஆகிய பிரிக்ஸ் நாடுகள் தொடங்கிய ஷாங்காய் வங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் நம் கே.வி. காமத், முறைப்படி ஐந்தாண்டு. அடுத்து பிரேசிலின் முறை, மார்கோஸ் டிராய்ஹோ வந்தார். பிரேசிலில் ஆட்சி மாறியது. 2023-இல் அவரை எடுத்துவிட்டு, அதிபர் லூலா தன் கட்சிக்காரரான முன்னாள் அதிபர் டில்மா ருசெஃபை உட்காரவைத்தார். அவர் பெரிய தலைவர், சந்தேகமில்லை. ஆனால் ஒரு நாட்டின் உள்நாட்டுத் தேர்தல் முடிவு பன்னாட்டு வங்கியின் தலைமையை மாற்றியதா இல்லையா? கோளாறு வாஷிங்டனில் மட்டும் இருப்பதாகப் பேசினால் பாதிதான் பேசியதாகும்.

கடலோரச் சிங்கை:

வைகைக்கரை ஐயா சொல்வதில் பெரும்பகுதி சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். எழுதப்படாத வழக்கத்தை மீறுவதும் சில நேரம் பலமுள்ளவரின் வசதிக்காகவே நடக்கிறது.

அமெரிக்கக் கண்டங்களுக்கான வளர்ச்சி வங்கி 1959-இல் தொடங்கப்பட்டது. தலைவர் லத்தீன் அமெரிக்கராக இருப்பார் என்பது அங்கே வழக்கம். அமெரிக்காவிடம் 30 விழுக்காடு வாக்கு இருந்தும் அறுபது ஆண்டுகள் அதை மதித்தது. 2020-இல் டிரம்ப் தன் வெள்ளை மாளிகை அதிகாரி மொரிசியோ கிளாவர்-கரோனை நிறுத்தினார். கோஸ்டாரிகாவின் முன்னாள் அதிபர் லாரா சின்சில்லா போட்டியிலிருந்து விலகினார், அர்ஜென்டினாவின் வேட்பாளரும் விலகினார். ஒரே வேட்பாளராக நின்று வென்றார். இரண்டு ஆண்டு கழித்து, கீழே பணியாற்றிய ஒருவரோடு அவருக்கு நெருக்கமான உறவு இருந்ததற்கும், அந்த அதிகாரிக்கு அவர் சம்பளத்தை உயர்த்தியதற்கும் ஆதாரம் இருப்பதாக வெளியிலிருந்து வந்த விசாரணைக் குழு சொன்னது. அவர் மறுத்தார். 2022 செப்டம்பரில் ஆளுநர்கள் வாக்களித்து அவரை நீக்கினார்கள்.

எங்கள் சிங்கப்பூரிலிருந்து ஒரு செய்தி. தர்மன் சண்முகரத்தினம், யாழ்ப்பாணத்து வேர் உள்ளவர், 2011 முதல் நிதியத்தின் கொள்கை வழிகாட்டும் குழுவுக்குத் தலைமை தாங்கிய முதல் ஆசியர். மேலாண்மை இயக்குநர் பதவி காலியாகும்போதெல்லாம் அவர் பெயர் பத்திரிகைகளில் வரும். தகுதியைப் பற்றி யாருக்கும் ஐயம் கிடையாது. பெயர் பத்திரிகையோடு நின்றுவிடும்.

பொருளியல் மாணவி:

2012-ஐயும் சொல்ல வேண்டும். உலக வங்கி வரலாற்றில் முதன்முறையாகப் போட்டி இருந்தது அப்போதுதான். நைஜீரிய நிதியமைச்சர் இங்கோசி ஒகோஞ்சோ-இவேலா, அந்த வங்கியிலேயே பல ஆண்டுகள் பணியாற்றி தலைவருக்குக் கீழுள்ள மேலாண்மை இயக்குநர் பதவி வரை உயர்ந்தவர். கொலம்பியாவின் முன்னாள் நிதியமைச்சர் ஹோசே அந்தோனியோ ஒகாம்போ. எதிரே ஒபாமா நிறுத்திய ஜிம் யோங் கிம். மருத்துவர், பொதுச் சுகாதாரத்தில் பெரிய பணி செய்தவர், பல்கலைக்கழகத் தலைவர், ஆனால் நிதித்துறைக்குப் புதியவர். இது தகுதியைப் பார்த்து நடக்கும் தேர்வு இல்லை, அரசியல் தேர்வு என்று சொல்லி ஒகாம்போ விலகினார். கிம் வந்தார். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான் லண்டன் ஜி-20 மாநாட்டில், இந்தத் தலைமைகள் இனி வெளிப்படையாக, தகுதி அடிப்படையில் தேர்ந்தெடுக்கப்படும் என்று எல்லாத் தலைவர்களும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஒகோஞ்சோ-இவேலா இப்போது உலக வர்த்தக அமைப்பின் தலைவர்.

வேறு வழி இருக்கிறதா என்று கேட்டால், ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கியைக் காட்டுவேன். அங்கே தலைவராக வேண்டுமானால் மொத்த வாக்கில் பெரும்பான்மை வேண்டும். ஆப்பிரிக்க உறுப்பு நாடுகளின் வாக்கிலும் தனியாகப் பெரும்பான்மை வேண்டும். பணம் கொடுக்கும் வெளிநாடுகள் மட்டும் சேர்ந்து யாரையும் திணிக்க முடியாது. 2025 மே மாதம் ஐந்து வேட்பாளர்கள் நின்றார்கள். மூன்றாம் சுற்றில் மொரிட்டானியாவின் சிதி ஊல்த் தா வென்றார். வைகைக்கரை ஐயா கவலைப்படும் வசூலும் அங்கே கெட்டுப்போகவில்லை. அந்த வங்கியும் முதல் தர மதிப்பீடு பெற்றதுதான்.

வைகைக்கரை:

இரட்டைப் பெரும்பான்மை நல்ல முறை. அதற்கு என் ஆதரவு உண்டு. அங்கே முந்தைய தலைவர் அடெசினா மீது 2020-இல் வேண்டியவர்களுக்குப் பதவி கொடுத்தார் என்ற புகார் எழுந்ததே, அதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

பொருளியல் மாணவி:

சொல்கிறேன், ஐயா. வங்கியின் நெறிமுறைக் குழு விசாரித்துக் குற்றமில்லை என்றது. அமெரிக்க நிதித்துறை அதை ஏற்காமல் வெளியாரை வைத்து விசாரிக்கச் சொன்னது. அயர்லாந்தின் முன்னாள் அதிபர் மேரி ராபின்சன் தலைமையில் மூவர் குழு ஆராய்ந்து, அந்தத் தீர்மானம் சரியே என்றது. அடுத்த மாதமே அடெசினா மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டார். புகார் வந்தது, இரண்டு முறை விசாரித்தார்கள், பிறகு வாக்கெடுப்பு நடந்தது. இந்த வரிசைதான் எனக்கு வேண்டும்.

வடமராட்சியான்:

ஒரு சந்தேகம். நிதியத்தில் இலங்கைக்கு எங்கே வாக்கு? அடுத்த தலைவரைத் தெரிவு செய்யும்போது எங்களுக்காகக் கையை உயர்த்துவது யார்?

கணக்கப்பிள்ளை:

தம்பி, இந்தியா, வங்கதேசம், இலங்கை, பூட்டான் நான்கும் சேர்ந்து ஒரே தொகுதி. நான்குக்கும் சேர்த்து நிதியத்தின் இயக்குநர் குழுவில் ஒரு செயல் இயக்குநர். அவர் இந்தியா அனுப்பும் ஆள். தொகுதியின் வாக்கைப் பிரித்துப் போட அவருக்கு அனுமதி இல்லை. ஆக உங்கள் வாக்கு புதுதில்லி சொல்லும் பக்கம் விழும். அந்த இயக்குநரை இந்தியா எப்படித் தேர்ந்தெடுக்கிறது என்றால், அமைச்சரவையின் நியமனக் குழு முடிவெடுக்கும். 2025 ஏப்ரலில் அப்போதைய இயக்குநரின் பணிக்காலத்தை ஆறு மாதம் முன்னதாகவே முடித்துவைத்தார்கள். காரணத்தை அரசு வெளியிடவில்லை. கொழும்பைக் கேட்டார்களா, டாக்காவைக் கேட்டார்களா? நம் வீட்டு மேசையும் சுத்தமாக இல்லை என்பதை இங்கே எழுதாமல் இருக்க முடியாது.

2011 மே மாதம் பிரேசில், ரஷ்யா, இந்தியா, சீனா, தென்னாப்பிரிக்கா ஐந்தின் இயக்குநர்களும் சேர்ந்து, ஐரோப்பியர்தான் வர வேண்டும் என்ற வழக்கத்தைக் கைவிடுங்கள் என்று அறிக்கை விட்டார்கள். மெக்சிகோவின் அகுஸ்தின் கார்ஸ்டென்ஸ் போட்டியில் இருந்தார். ஒரு மாதம் கழித்துச் சீனா, ரஷ்யா, பிரேசில் மூன்றும் லகார்டை ஆதரித்தன. 2023-இல் அமெரிக்கா அஜய் பங்காவை நிறுத்தியபோது வேறு பெயரே வரவில்லை. புணேயில் பிறந்தவர் என்று நம் பத்திரிகைகள் பூரித்தன. அவர் அமெரிக்கக் குடிமகனாக, அமெரிக்காவின் வேட்பாளராக வந்தவர்.

நெய்தல்:

பங்காவின் ஐந்தாண்டு 2028 ஜூனில் முடிகிறது, ஜார்ஜீவாவின் இரண்டாவது ஐந்தாண்டு 2029 செப்டம்பரில். அமெரிக்கா பெயரை அறிவித்த பிறகு தேடத் தொடங்கினால் 2023 போலவேதான் ஆகும். ஆப்பிரிக்காவும் லத்தீன் அமெரிக்காவும் தெற்காசியாவும் ஒரே ஒரு பெயரில் அதற்கு முன்பே உடன்பட வேண்டும். 2012-இல் இரண்டு பெயராகப் பிரிந்து நின்றதும் தோல்விக்கு ஒரு காரணம். இந்தியத் தொகுதி யாரை முன்மொழியும், மற்ற மூன்று நாடுகளோடு கலந்து பேசுமா என்று நாடாளுமன்றத்தில் எழுத்துப்பூர்வமாகக் கேட்கலாம். கேள்வியைத் தயாரிக்க யாராவது முன்வந்தால் நானும் சேர்ந்து எழுதுகிறேன்.

வடமராட்சியான்:

கொழும்பிலும் அதே கேள்வியைக் கேட்க வைக்கலாம். எழுதி முடித்ததும் இங்கேயே போடுங்கள், சிங்களத்தில் மொழிபெயர்க்க என் நண்பர் இருக்கிறார்.